கறுப்பு ஒயரின் காலம்

சென்னை அம்பத்தூரின் மேனாம்பேட்டில் ஏதாவது ஒரு மின்கம்பத்தின் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சுண்டுவிரல் தடிமனில், வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்த கறுப்பு ஒயர் ஒன்று தொய்ந்து கிடக்கும். அதிலிருந்து பிரிந்து, பென்சில் பருமனில் இன்னொன்று வீடுகளுக்குள் இறங்கும். இரண்டுக்கும் பக்கத்தில் ஒல்லியாக, விறைப்பாக ஃபைபர் ஓடும். இந்த முடிச்சில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று கேட்டால், ஏணியில் நிற்கும் ஆளே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்.

இந்தக் கறுப்பு ஒயரின் பெயர் கோஆக்சியல் கேபிள். அதன் வழியாக வந்த சீரியல்களைப் பற்றிப் பேசினோம், அரசியலைப் பற்றிப் பேசினோம், மாதக் கட்டணத்துக்காகச் சண்டை போட்டோம். ஒயரைப் பற்றி மட்டும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தெருக்காரர்களே பணம் போட்டு, ஆள் வைத்து, இழுத்துக் கட்டிக்கொண்ட ஒரே பெரிய வலையமைப்பு இதுதான். மின்சாரத்தை வாரியம் கொடுத்தது. தொலைபேசியை மத்திய அரசு கொடுத்தது, அதுவும் காத்திருப்போர் பட்டியலில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்த பிறகு. பாதாளச் சாக்கடைக்கு அடுத்த நூற்றாண்டு வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. கேபிள் மட்டும், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் ஒருவர் ஏணியோடு வந்து நின்ற அன்றே வந்தது.

தெருவின் கையில் இருந்த அந்தப் பிடி எப்படிப் போனது என்பதுதான் என் கேள்வி. பதிலில் பாதி அரசியலில் இருக்கிறது. மீதிப் பாதி ஒயருக்குள் இருக்கிறது. முதலில் அங்கே போய் வருவோம்.

கடையில் ஆர்ஜி-6 என்று கேட்டு வாங்கும் ஒயரை பிளேடால் வெட்டினால் நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒற்றைக் கம்பி தெரியும். அதைச் சுற்றி நுரை போன்ற வெள்ளை பாலிஎத்திலீன். அதன்மேல் அலுமினியத் தாள், அதற்கும் மேல் மெல்லிய இழைகளால் பின்னிய வலை, கடைசியில் கறுப்புத் தோல். நடுக்கம்பிக்கும் வெளிவலைக்கும் அச்சு ஒன்றே. சமிக்ஞை இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள நுரைக்குள் மின்காந்த அலையாக ஓடுகிறது. வலை அதை வெளியே கசியவிடாது, வெளி இரைச்சலை உள்ளேயும் விடாது. நடுக்கம்பி பார்வைக்குச் செம்பு, சுரண்டினால் எஃகு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டியே ஓடும். ஆகவே மெல்லிய செம்புப் பூச்சு போதும். உள்ளே இருக்கும் எஃகு, கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டும்போது அறுந்துவிடாமல் தாங்கும். இந்த எஃகு பின்னால் ஒரு தொல்லையாக மறுபடி வரும்.

இந்த அமைப்புக்கு 1880-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ஆலிவர் ஹெவிசைட். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, கல்லூரிப் படியை மிதிக்காமலே மின்காந்தக் கணிதத்தைக் கற்றுக்கொண்ட மனிதர். அவர் எண்ணத்துக்குப் பெரிய வேலை கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் லாயிட் எஸ்பன்ஷீட், ஹெர்மன் ஆஃபல் இருவரும் 1929-ல், ஒரே கேபிளில் நூற்றுக்கணக்கான தொலைபேசிப் பேச்சுகளை வெவ்வேறு அதிர்வெண்களில் அடுக்கி அனுப்பும் முறைக்கு விண்ணப்பித்தார்கள். 1936-ல் நியூயார்க்குக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் இடையே சோதனைக் கேபிள் போடப்பட்டது. அதன்பின் கண்ணாடியிழை வரும்வரை தொலைதூரப் பேச்சின் பெருவழிகளில் ஒன்றாகக் கோஆக்சியல் இருந்தது. நம் கடற்கரைக்கும் அது வந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போட்ட தொலைபேசிக் கேபிள் இந்த வகைதான். ஒரே நேரத்தில் சில நூறு பேச்சுகளைத் தாங்கியது. 2002-ல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போன ஐ2ஐ என்ற ஃபைபர் கேபிளின் கொள்ளளவு நொடிக்கு 8.4 டெராபிட். இருபது ஆண்டுகளில் கணக்கே வேறாகிவிட்டது.

ஆர்ஜி என்ற பெயர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவப் பட்டியலிலிருந்து வந்தவை. பட்டியலின் எண்கள் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, ஓம் கணக்கு நிற்க வேண்டும். நடுக்கம்பியின் விட்டத்துக்கும் வெளிவலையின் விட்டத்துக்கும் உள்ள விகிதமும், இடையில் அடைத்திருக்கும் பொருளும் சேர்ந்து ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு மின்மறுப்பைத் தருகின்றன. இடையில் காற்று மட்டும் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், மிகக் குறைவாகச் சமிக்ஞையை இழப்பது 77 ஓம் பக்கம், மிக அதிகமாகச் சக்தியைத் தாங்குவது 30 ஓம் பக்கம். ஒளிபரப்பை வாங்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு இழப்புதான் கவலை. அவர்கள் 75-ல் நின்றார்கள். ரேடியோவும் ராணுவமும் சக்தியையும் அனுப்ப வேண்டும், இழக்கவும் கூடாது. அவர்கள் நடுவே 50-ல் சமரசம் செய்துகொண்டார்கள். டிவி வீட்டு ஒயரான ஆர்ஜி-6, தெருவில் ஓடும் தடித்த ஆர்ஜி-11, கேமராக்காரர்கள் வாங்கிய ஒல்லியான ஆர்ஜி-59 எல்லாம் 75 ஓம் குடும்பம். வயர்லெஸ் செட்டுக்கும் பழைய கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கும் போன ஆர்ஜி-58 என்பது 50 ஓம். ஐபிஎம் டெர்மினல்களுக்கு 93 ஓமில் ஆர்ஜி-62 என்று தனியாக ஒன்று இருந்தது. 50-ஐயும் 75-ஐயும் ஒட்டுப்போட்டால், வந்த அலையின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்டில் முட்டித் திரும்பும். தோலை மட்டும் பார்த்து ஒயர் வாங்கியவர்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றார்கள்.

சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது கேபிள் கிடையாது. மாடியில் ஆன்டெனா, அதிலிருந்து நாடா போலத் தட்டையாக இறங்கும் 300 ஓம் ஒயர், அவ்வளவுதான். காற்று அடித்தால் படம் ஆடும். பையனை மாடிக்கு அனுப்பித் திருப்பச் சொல்ல வேண்டும். 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி வந்ததும் கடலோர மாவட்டங்களில் ஆன்டெனாக்கள் பனைமர உயரத்துக்குப் போயின. அதுவரை ஏரியல் அவரவர் வீட்டுச் சொத்து. ஒரு வீட்டுப் படத்துக்கும் அடுத்த வீட்டுப் படத்துக்கும் தொடர்பு இல்லை.

1991 எல்லாவற்றையும் மாற்றியது. வளைகுடாப் போரை சிஎன்என் நேரலையில் காட்டியது, அதே ஆண்டில் ஸ்டார் டிவி வந்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. வானத்திலிருந்து இறங்குவதைப் பிடிக்க ஆளுயரத்தைத் தாண்டும் டிஷ் வேண்டும், அதற்கு ரிசீவர் வேண்டும், ஒவ்வொரு சேனலையும் டிவியில் வரும்படி மாற்ற ஒரு மாடுலேட்டர் வேண்டும். தனி வீடு தாங்கும் செலவு இல்லை. நூறு வீடு சேர்ந்தால் தாங்கும். அப்படித்தான் கேபிள்காரர் பிறந்தார். வீடியோ கடை வைத்திருந்தவர், ரேடியோ ரிப்பேர் தெரிந்தவர், எலெக்ட்ரீஷியன், வேலை போன தொழிற்பேட்டைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள் இந்தத் தொழிலுக்கு வந்தார்கள். 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, வயல் மனையாகி மனை வீடாகிக்கொண்டிருந்த வட்டாரம் இது. லேத்தும் சால்டரிங் அயனும் பழகிய கைகளுக்குப் பஞ்சமில்லை.

அந்தக் கைவேலையைக் கொஞ்சம் அருகில் வந்து பாருங்கள். கண்ட்ரோல் ரூம் என்று எல்லோரும் சொல்லும் ஒரு மாடியறையிலிருந்து ஆர்ஜி-11 கிளம்பும். கம்பம் விட்டுக் கம்பம் தாவும். சில நூறு மீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அங்கங்கே டேப் என்ற சின்னப் பெட்டி. அதிலிருந்து நான்கைந்து வீடுகளுக்கு ஆர்ஜி-6 பிரியும். முனையில் எஃப் கனெக்டர் போட வேண்டும். லைன்மேன் பல்லுக்கு நடுவில் பிளேடைக் கவ்விக்கொண்டு, கறுப்புத் தோலைச் சுற்றி ஒரு கீறல் கீறுவார். தோல் உருவி வரும். வலையைப் பின்னோக்கி மடித்து விரல்நகத்தால் சீவுவார். வெள்ளை நுரையை வெட்டி நடுக்கம்பியை வெளியே எடுப்பார். அந்த நடுக்கம்பியேதான் கனெக்டரின் ஊசி, தனியாக ஊசி கிடையாது. வலையின் முடி போன்ற ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டுவிட்டால் லைன் ஷார்ட். டிவியில் வெறும் மணல். அதனால் கடைசியில் ஓர் ஊது ஊதுவார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அப்புறம்தான் கனெக்டரைத் திருகுவார். இதற்குப் பள்ளிக்கூடம் இல்லை. அண்ணனிடம் தம்பி கற்றது. அந்த ஏணிகள் பெரும்பாலும் மின்கம்பத்தில் சாய்ந்திருந்தன, கையுறையும் பெல்ட்டும் இல்லாமல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தெருவின் வலையமைப்பு என்று இதைக் கொண்டாடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏரியா பிரித்துக்கொண்டார்கள். ஒரு தெருவில் ஒருவர்தான். பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் போக முடியாது. ஐந்நூறு வீட்டுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, மேலே சேனல்காரர்களிடம் நூறு வீட்டுக்குக் கணக்குக் காட்டியவர்கள் உண்டு. தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். ரசீது கேட்டால் சிரிப்பார்கள். இருந்தும், படம் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். இன்று அந்தக் கதவு இல்லை, ஒரு கால் சென்டர் எண் இருக்கிறது.

இனி ஒயர் அரசியலாக மாறிய இடத்துக்கு வருவோம். கோஆக்சியலில் தூரம் போகப் போகச் சமிக்ஞை தேயும். மேல் அதிர்வெண்கள் இன்னும் வேகமாகத் தேயும். 100 மீட்டர் ஆர்ஜி-6-ல் 55 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 5 டெசிபல் போகும், அதாவது சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே 100 மீட்டரில் 1,000 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சுமார் 20 டெசிபல் போகும். மிஞ்சுவது நூறில் ஒரு பங்கு. தடித்த ஆர்ஜி-11 அந்த இடத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கைக் காப்பாற்றும், அதனால்தான் தெருவில் அது, வீட்டில் இது. ஆம்ப்ளிஃபயர் தேய்ந்ததை உயர்த்தும், கூடவே இரைச்சலையும் உயர்த்தும். பத்துப் பன்னிரண்டு பெட்டி தாண்டி லைனின் கடைசியில் இருக்கும் வீட்டில் கீழ் எண் சேனல்கள் பளிச்சென்று இருக்கும், மேல் எண் சேனல்களில் மணல் கொட்டும். பழைய டிவிகளோ மேல் பட்டைகளைப் பிடிக்கவே பிடிக்காது.

ஆக, கேபிள்காரர் ஒரு சேனலை எந்த எண்ணில் வைக்கிறார் என்பதே அந்தச் சேனலின் விதி ஆயிற்று. கீழே வைத்தால் எல்லா வீட்டிலும் தெரியும். மேலே தள்ளினால் தடை செய்ததாக யாரும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பாதி ஊரில் தெரியாது. இந்தக் கீழ்ப் பட்டைக்குப் பிரைம் பேண்ட் என்று பெயர். அதில் இடம்பிடிக்கச் சேனல்கள் பணம் கொடுத்தன. நாடாளுமன்றமே இதைக் கண்டுகொண்டது. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புச் சட்டத்துக்கு 2000-ல் வந்த திருத்தம், தூர்தர்ஷன் சேனல்களைப் பிரைம் பேண்டில் வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. செம்பு பூசிய ஒரு கம்பியில் அலை எவ்வளவு தேய்கிறது என்ற பௌதிகம் மத்தியச் சட்டத்தில் ஏறி உட்கார்ந்தது. நம் தொலைக்காட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் யார் யார் எந்தச் சேனல் ஆரம்பித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பட்டையை ஒதுக்கும் அதிகாரம் பணமாகிறது என்று தெரிந்தபின் அது தெருவில் எத்தனை நாள் தங்கும்? சேனல்கள் பெருகின. ஒவ்வொரு கேபிள்காரரும் எல்லாச் சேனலுக்கும் டிஷ்ஷும் ரிசீவரும் வாங்க முடியவில்லை. ஊருக்குப் பொதுவாக ஹெட்எண்ட் என்ற பெரிய கண்ட்ரோல் ரூம் ஒன்று வந்து, அங்கிருந்து தயாராக வரும் சமிக்ஞையை வாங்கித் தெருவுக்குக் கொடுத்தால் போதும் என்றானது. சென்னையில் சன் குழுமத்தின் சுமங்கலி கேபிள் விஷன் அப்படி வளர்ந்து பெரும்பகுதியைப் பிடித்தது. ஒயர் தெருக்காரருடையதாக இருந்தது, பட்டை கைமாறியது.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் காஸ் வந்தது. கட்டணச் சேனல் பார்க்க செட்டாப் பாக்ஸ் வாங்க வேண்டும் என்ற அந்த முறையிலிருந்து மற்ற பெருநகரங்கள் அப்போது பின்வாங்கின. சென்னை மட்டும் நடைமுறைப்படுத்தியது. மக்களோ பெட்டி வாங்கவே இல்லை. முக்கியமான தமிழ்ச் சேனல்கள் இலவசமாகவே வந்துகொண்டிருந்தன, எதற்கு வாங்குவது? பிறகு மாநில அரசே களத்தில் இறங்கியது. 2007-ல் திமுக ஆட்சியில் உருவான அரசு கேபிள் டிவி கார்ப்பரேஷன் கொஞ்ச காலம் நடந்து கிடப்பில் விழுந்தது. 2011 செப்டம்பரில் அதிமுக ஆட்சி அதைத் தூசு தட்டி, சென்னை நீங்கலான மாவட்டங்களில் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு என்று அறிவித்தது. ஓர் அரசாங்கம் ஹெட்எண்ட் நடத்துவது உலகத்திலேயே அபூர்வம். இங்கே இரண்டு கட்சிகளும் அதை விரும்பின என்றால், ஒயரின் மறுமுனை எவ்வளவு மதிப்புள்ளது என்று இரண்டுக்கும் தெரிந்திருந்தது.

இதற்குச் சற்று முன்னரே இன்னொரு கோஆக்சியல், நான்கு சுவருக்குள், இதே பாதையில் போய் முடிந்தது. 1973 மே மாதம் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் பார்க் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் எழுதிய குறிப்பிலிருந்து ஈதர்நெட் பிறந்தது. ஒரே கேபிள், அதில் எல்லா கம்ப்யூட்டரும். பேசும் முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் வாய்திறந்தால் இருவரும் நிறுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். 1980களின் முதல் வடிவம் 10பேஸ்5. விரல் தடிமனில் மஞ்சள் கேபிள், 500 மீட்டர் வரை ஓடும். இரண்டரை மீட்டருக்கு ஒரு குறி போட்டிருக்கும். குறி உள்ள இடத்தில்தான் ஊசியைக் குத்தி இணைக்கலாம். நம் ஊரில் அதிகம் புழங்கியது அதன் மலிவான தம்பி 10பேஸ்2. ஒல்லியான ஆர்ஜி-58, 185 மீட்டர், அதிகபட்சம் 30 இணைப்பு, வேகம் 10 மெகாபிட். ஒவ்வொரு கம்ப்யூட்டர் முதுகிலும் ஒரு டி கனெக்டர், பிஎன்சி பூட்டு. இரண்டு கடைசியிலும் 50 ஓம் டெர்மினேட்டர், சின்ன மூடி மாதிரி.

1990களில் கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்புரோவும் கோபோலும் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நாவல் நெட்வேர் ஓடும் ஒரு சர்வர், ஹார்ட் டிஸ்க் இல்லாத நோடுகள் வரிசையாக. யாரோ காலை நீட்டி டி கனெக்டரை இடறிவிட்டால் அந்த நோடு மட்டும் நிற்காது, வரிசை முழுக்க நிற்கும். அறுந்த முனையில் மூடி இல்லாததால் அலை முட்டித் திரும்பி எல்லார் பேச்சையும் குழப்பிவிடும். கோளாறு தேட அழகான ஒரு வழி இருந்தது. எல்லா கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டு, ஏதாவது ஒரு டி-யைக் கேபிளோடு வைத்தபடியே கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் கழற்றி, ஓம் மீட்டரை வைக்க வேண்டும். 25 ஓம் காட்டினால் நலம். இரண்டு பக்கமும் ஐம்பதைம்பது இணையாக நிற்கின்றன என்று பொருள். 50 காட்டினால் ஒரு பக்கம் எங்கோ அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் வலை நடுக்கம்பியைத் தொடுகிறது. ஐம்பது ரூபாய் மதிப்புள்ள டெர்மினேட்டரைத் தேடி ரிச்சி தெரு வரை பஸ் ஏறிய காலம் அது.

1990-ல் 10பேஸ்-டி தரம் வந்தது. நடுவில் ஒரு ஹப், அங்கிருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி முறுக்குக் கம்பி. ஒயர் அதிகம், ஆனால் ஒன்று அறுந்தால் ஒன்றுதான் நிற்கும். யார் உள்ளே, யார் வெளியே என்று நடுப்பெட்டியில் இருந்தே முடிவு செய்யலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறைக் கொட்டகைகளுக்கு நடுவே கண்ணாடிக் கட்டிடங்கள் எழும்பி, எச்சிஎல் போன்ற மென்பொருள் நிறுவனங்கள் வந்தபோது கோஆக்சியல் லேன் மியூசியப் பொருளாகிக்கொண்டிருந்தது. பகிர்ந்த கம்பி போய் நடுப்பெட்டி வந்தது. அலுவலகத்துக்கு அது சரியான முடிவு. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. தெருவில் அதே மாற்றம் நடந்தபோது மட்டும், நடுப்பெட்டியின் சாவி யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை.

பகிர்ந்த கம்பியின் பலவீனம் கேபிள் இன்டர்நெட்டில் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. டாக்சிஸ் என்ற தரம் 1997-ல் வந்து, டிவி ஒயரிலேயே இணையமும் தரலாம் என்று காட்டியது. அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகள் இன்றும் அதில்தான். அதற்கு ஒயர் இரு திசையிலும் பேச வேண்டும். வீட்டிலிருந்து மேலே போகும் பட்டையில் எல்லா வீட்டு இரைச்சலும் ஒன்றாகத் திரண்டு வரும். ஒரே ஒரு வீட்டில் எஃப் கனெக்டர் தளர்ந்திருந்தால், பக்கத்து மிக்ஸியின் சத்தம் தெருவின் இணையத்தையே கலைக்கும். நம் தெருக்களில் மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை ஒருவழிப் பெட்டிகள். பிளேடும் பல்லும் கொண்டு போட்ட கனெக்டர்கள் ஒருவழிப் படத்துக்குப் போதும், இருவழிப் பேச்சுக்குப் போதாது. அதனால் நம்மில் பலர் கேபிள்காரரிடம் இணையம் வாங்கியபோது அவர் டிவி ஒயரை விட்டுவிட்டு, மாடிக்கு மாடி ஈதர்நெட் கம்பியை இழுத்து ஸ்விட்ச் வைத்தார். அவரவர் வசதிக்குக் கண்டுபிடித்த வழி. அதுவும் கொஞ்ச காலம் ஓடியது.

கடைசி அடி டிஜிட்டல். கேபிளை டிஜிட்டலுக்கு மாற்ற நான்கு பெருநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 என்று கெடு வைத்தார்கள். சென்னையில் வழக்குகள் அதை இழுத்தன. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017-ல்தான். பெட்டி வந்ததும் படம் தெளிந்தது, மணல் மறைந்தது. கூடவே பிரைம் பேண்டும் மறைந்தது. ஒயரில் எங்கே இருந்தாலும் பெட்டி எடுத்துக்கொள்ளும். எத்தனை வீடு என்பது மேலே உள்ள சர்வருக்கே தெரியும் என்பதால் குறைத்துக் கணக்குக் காட்டும் வழியும் அடைபட்டது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த கட்டண முறையில், 100 சேனல் வரை வலையமைப்புக் கட்டணம் 130 ரூபாய், வரி தனி என்று டெல்லியில் எழுதினார்கள். கேபிள்காரருக்கு மிஞ்சியது வசூல் பையும், திட்டு வாங்கும் காதும்.

நடுவில் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை வழியாகப் போனது. ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன, அவற்றில் கட்டியிருந்த ஒயரும் சேர்ந்து தரைக்கு வந்தது. மறுபடி இழுக்கும்போது பழைய ஆர்ஜி-11-ஐயே இழுப்பதா என்று கேபிள்காரர்கள் யோசித்தார்கள். ஃபைபருக்கு வழியில் ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், அதனால் பக்கத்துத் தெருவில் கரண்ட் போனால் நம் டிவி நிற்காது. ஆவடியை அடுத்த வெள்ளானூரில், மத்திய அரசின் டிசிஐஎல்லும் மாநில அரசின் டிட்கோவும் பங்குதாரர்களான தமிழ்நாடு டெலிகம்யூனிகேஷன்ஸ் கண்ணாடியிழைக் கேபிள் ஆலையை வைத்திருந்தது என்பது இங்கே பலருக்கு மறந்தே போயிருக்கும். அத்தனை அருகில் ஆலை இருந்தும், வீட்டு வாசலுக்கு ஃபைபர் வர ஊர் நெடுங்காலம் காத்திருந்தது. வந்தபோது பிளேடை வைத்து ஒட்டுகிற வேலையாக இல்லை. ஸ்பிளைசிங் மெஷின் வேண்டும், அதைக் கம்பெனி வைத்திருக்கும், ஆளை அனுப்பும்.

பழைய ஒயர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அங்கேயேதான் தொங்குகிறது. தொலைபேசித் துறையின் செம்புக் கேபிளைத் திருடர்கள் தோண்டி எடுத்துப் போனார்கள். கேபிள் டிவி ஒயரை ஒருவரும் தொடவில்லை. காயலான் கடைக்குக் கொண்டுபோனால் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டிக்கொள்ளும். உள்ளே எஃகு, வெளியே கொஞ்சம் அலுமினியம், மீதி பிளாஸ்டிக். உரிக்கும் கூலிக்கே கட்டாது. ஒயருக்கு வலு தந்த அதே எஃகுதான் இப்போது அதைக் கம்பத்தை விட்டு இறங்கவிடாமல் வைத்திருக்கிறது. மாநகராட்சி அவ்வப்போது ஆட்களை அனுப்பி ஒட்டுமொத்தமாக அறுத்துப் போடுகிறது. உயிருள்ள ஃபைபரும் சேர்ந்து அறுபடுகிறது, மறுநாள் புதிதாக ஒன்று ஏறுகிறது.

கோஆக்சியல் முழுதாகச் செத்துவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது. மாடியில் டிடிஎச் டிஷ் இருந்தால் அதிலிருந்து இறங்குவது ஆர்ஜி-6தான். அதைவிட வேடிக்கை கேமரா. சென்னைக் காவல்துறை மூன்றாவது கண் என்று கடைக்காரர்களையும் குடியிருப்போரையும் கேமரா மாட்டச் சொன்னபோது, எலெக்ட்ரானிக் கடைகளில் 3+1 என்ற ஒயர் சக்கைப்போடு போட்டது. நடுவில் ஒரு சின்னக் கோஆக்சியல், கூடவே கேமராவுக்கு மின்சாரம் கொண்டுபோக மூன்று கம்பிகள், மொத்தமும் ஒரே தோலுக்குள். 90 மீட்டர் சுருளாக வரும். முனையில் அதே பிஎன்சி பூட்டு. கேபிள் தொழிலை விட்ட பல லைன்மேன்களுக்குக் கேமரா மாட்டும் வேலையில் கைப்பழக்கம் சோறு போட்டது. ஒரு காலத்தில் உலகத்தைத் தெருவுக்குக் காட்டிய ஒயர் வகை இப்போது தெருவைக் காவல் நிலையத்துக்குக் காட்டுகிறது.

1995 சட்டத்தின்படி கேபிள் நடத்துகிறவர் அந்தப் பகுதியின் தலைமை அஞ்சலகத்தில் போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டியிருந்தது, கட்டணம் 500 ரூபாய். 2025 ஜனவரியில் அந்த விதி மாறியது. இனி எல்லாம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, 5,000 ரூபாய். அலைச்சல் குறைந்தது என்று கேபிள்காரர்களில் பலர் வரவேற்கக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. அஞ்சலகக் கவுன்ட்டர்தான் இந்த வலையமைப்புக்கும் இந்த ஊருக்கும் இடையே மிஞ்சியிருந்த கடைசி அரசுத் தொடர்பு. அதுவும் டெல்லிக்குப் போனபின், மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் எந்தக் கம்பத்தில் எது யாருடையது என்று சொல்ல ஒரு காகிதம்கூட உள்ளூரில் இருக்காது.

காகிதத்தில் இல்லாதது சில மனிதர்களின் தலையில் இருக்கிறது. எந்தச் சந்தில் ஆர்ஜி-11 திரும்புகிறது, எந்தப் பெட்டி செத்தது, எந்த ஒயர் மேல் எந்த ஒயர் ஏறியது என்பது பழைய லைன்மேன்களுக்கு மனப்பாடம். ஐம்பதைத் தாண்டியவர்கள், பலர் ஏணியை விட்டு இறங்கிவிட்டார்கள். மண்டல அலுவலகம் அவர்களில் சிலரை வார்டுவாரியாகக் கூலிக்கு அமர்த்தி, மின்வாரியத்தின் துணையோடு, செத்த ஒயரைக் கழற்றி இறக்கி, உயிருள்ளவற்றுக்கு உரிமையாளர் பெயரோடு சீட்டுக் கட்டலாம். ஒட்டுமொத்தமாக அறுத்துப் போட்டுவிட்டு மறுநாள் புகார் வாங்குவதைவிட இது மலிவு. கேபிள்காரரிடமும் ஃபைபர் கம்பெனியிடமும் அதற்கான செலவில் ஒரு பங்கு வசூலிப்பதில் தவறில்லை. கம்பம் முப்பது ஆண்டுகளாக அவர்களைச் சுமந்திருக்கிறது. அடுத்த மழைக்காலத்துக்கு முன் மேனாம்பேட்டில் நாலு தெருவில் தொடங்கிப் பார்க்கலாம்.